மன்னார்குடி வீட்டில் ஒரு மெயின்பிரேம்: எம்விஎஸ் 3.8-ஐ டாக்கருக்குள் ஓட்டுவது எப்படி

"பெரியம்மா, நான் எழுதினது ஒண்ணுமே இல்லை" என்று தங்கை மகள் கூப்பிட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். 11 மாலை உட்கார்ந்து அவள் தட்டிய கோபோல் மொழி நிரல், அதை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல் வரிகள், சோதனைக்குப் போட்ட தரவு எல்லாம் போயிருந்தது. மடிக்கணினிக்குள் நாங்கள் ஓட்டும் பழைய மெயின்பிரேம் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாள் நான் நிறுவியபோது எப்படி இருந்ததோ அப்படியே நின்றது.

தவறு என்னுடையது. டாக்கர் என்பது நிரல்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் மென்பொருள், அந்தப் பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர். கன்டெய்னரைக் கிளப்பும்போது பழக்கத்தில் 'ஹைஃபன் ஹைஃபன் ஆர்எம்' என்ற விருப்பத்தைச் சேர்த்திருந்தேன். கன்டெய்னர் நின்றதும் அதை அழித்துவிடு என்று டாக்கருக்கு நாம் சொல்லும் வார்த்தை அது. 11 நாளும் மடிக்கணினியை அணைக்காமல் வைத்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. 12-ஆம் நாள் முறைப்படி நிறுத்தினேன். நின்ற கையோடு கன்டெய்னரும் போனது, அதற்குள் இருந்த டிஸ்க்கும் போனது. நான் சென்னையில் 22 வருடம் மெயின்பிரேமில், அதாவது பெரிய நிறுவனங்கள் கணக்கு ஓட்டும் பெரிய கணினியில், வேலை பார்த்தவள். ராத்திரி 2 மணிக்கு அபெண்ட், அதாவது நிரல் பாதியில் முறிந்துவிட்டது என்று போன் வந்தால் எழுந்து சரிசெய்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு பிள்ளையின் 11 நாள் உழைப்பைத் தொலைத்தது இன்னும் மனசில் இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பில் டிஸ்க்கை எங்கே வைப்பது, மெஷினை எப்படி நிறுத்துவது என்ற இரண்டு இடத்தில் அதிக நேரம் நிற்பேன். மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை எல்லாம் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதுபோல் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டாக்கர் கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்திலும், மெயின்பிரேமுக்குள் போகிறவற்றைப் பெரிய எழுத்திலும் தட்டுங்கள்.

எது ஓடுகிறது, எதற்குள் ஓடுகிறது

மூன்று அடுக்கு இருக்கிறது. அடியில் உங்கள் மடிக்கணினி, அதில் டாக்கர். டாக்கர் கன்டெய்னருக்குள் ஹெர்குலிஸ் என்ற எமுலேட்டர். ரோஜர் பவுலர் 1999-இல் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. ஐபிஎம் சிஸ்டம்/370 என்ற மெயின்பிரேம் மெஷின் செய்வதை எல்லாம் மென்பொருளாகவே செய்து காட்டும். அந்த ஹெர்குலிஸுக்குள்தான் ஐபிஎம்மின் அந்தக் கால மெயின்பிரேம் இயக்கமுறைமையான எம்விஎஸ் 3.8ஜே இயங்குகிறது. எம்விஎஸ் வந்தது 1974-இல். 3.8ஜே 1981 வாக்கில் இருந்த நிலை. அந்தக் காலத்தில் ஐபிஎம் இயக்கமுறைமையைத் தனியாக விலை வைத்து விற்கவில்லை, அதனால் இன்றைக்கு ஆர்வலர்கள் இதை வைத்துக்கொள்ளலாம், ஓட்டலாம். எம்விஎஸ்ஸின் இன்றைய வாரிசான ஜெட்/ஓஎஸ் அப்படியில்லை, அது உரிமம் வாங்கி ஓட்டவேண்டியது. யாராவது பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜெட்/ஓஎஸ்ஸையே தொட்டுப் பார்க்க ஆசை என்றால் ஐபிஎம் இலவசமாக நடத்தும் ஜெட் எக்ஸ்ப்ளோர் பயிற்சித் தளம் இருக்கிறது.

வெறும் எம்விஎஸ்ஸை நாடாவிலிருந்து நிறுவுவது பெரிய வேலை. அந்த வேலையை முடித்து, நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர்களும் கருவிகளும் சேர்த்து, கிளப்பினால் ஓடும் நிலையில் யூர்கன் விங்கல்மான் கொடுத்த தொகுப்புதான் டிகே4 மைனஸ். அதற்கு அடுத்து ராப் பிரின்ஸ் 2023-இல் டிகே5 கொடுத்தார். நான் சொல்லித்தருவது டிகே4 மைனஸில். பழைய மடிக்கணினிக்கு அது போதும். எங்கள் வீட்டில் ஓடுவது 4 ஜிபி நினைவகம் உள்ள, மூடி கொஞ்சம் விரிந்த ஒரு மெஷின். எம்விஎஸ்ஸுக்கு அதிகபட்சம் 16 எம்பி நினைவகம்தான் தெரியும், 24 பிட் முகவரிக்கு அவ்வளவுதான் எட்டும். அதனால் நினைவகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

டாக்கர் எதற்கு, நேரடியாக ஓட்டினால் என்ன என்று பக்கத்துத் தெருப் பையன் கேட்டான். நேரடியாகவும் ஓட்டலாம். ஆனால் என்னிடம் படிக்கிறவர்கள் 6 பேர். ஒருவரிடம் விண்டோஸ், ஒருவரிடம் உபுண்டு, இன்னொருவர் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்கிறவர். ஒரே இமேஜைக் (கன்டெய்னரை வார்க்கும் அச்சு) கொடுத்தால் எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரி கிளம்புகிறது. யாராவது சிஸ்டத்தைக் குழப்பிவிட்டால் கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுக்கலாம். அப்படித் தூக்கிப் போடுகிற சௌகரியம்தான் முதலில் எங்களை மாட்டிவிட்டது.

இமேஜ் கட்டுவது

ஒரு காலி அடைவு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிகே4 மைனஸ் ஜிப் கோப்பைப் போடுங்கள். பக்கத்தில் டாக்கர்ஃபைல் என்ற பெயரில் ஒரு உரைக் கோப்பு. அதில் எழுதவேண்டியது கொஞ்சம்தான். அடித்தளம் டெபியன் லினக்ஸின் ஸ்லிம் இமேஜ். ஆல்பைன் என்ற இன்னொரு லினக்ஸ் சின்னதாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். தொகுப்போடு வரும் ஹெர்குலிஸ் ஏற்கெனவே கம்பைல் ஆனது, அது ஜிலிப்சி என்ற நூலகத்தை எதிர்பார்க்கிறது, ஆல்பைனில் இருப்பது மசல் என்ற வேறு நூலகம். அங்கே ஓட்டினால் கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனால் 'நாட் ஃபவுண்ட்' என்று வரும். இந்தப் பிழைச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் இரண்டு நாள் கோப்பைத் தேடியிருக்கிறார்.

அடுத்த வரியில் அன்சிப் நிரலை நிறுவுங்கள். அப்புறம் காப்பி கட்டளையால் ஜிப்பை உள்ளே கொண்டுபோய், ரன் கட்டளையால் 'டிகே4' என்ற அடைவில் விரியுங்கள். ஆட் கட்டளை தானாக விரித்துவிடும் என்று நினைக்கவேண்டாம்; அது டார் கோப்பைத்தான் விரிக்கும், ஜிப்பை விரிக்காது. ஒர்க்டிர் கட்டளையில் அந்த அடைவைக் கொடுங்கள். கடைசியில் சிஎம்டி வரியில் அடைவுக்குள் இருக்கும் 'எம்விஎஸ்' என்ற ஸ்கிரிப்ட்டின் பெயர். அவ்வளவுதான். 'டாக்கர் பில்ட் ஹைஃபன் டி எம்விஎஸ் புள்ளி' என்று அடித்தால் இமேஜ் தயார்.

டிஸ்க்கை வெளியே வைப்பது

கன்டெய்னருக்குள் எழுதப்படுவது எல்லாம் அந்தக் கன்டெய்னரோடு போய்விடும். மெயின்பிரேமின் டிஸ்க்குகள், நாங்கள் டாஸ்டி என்று சொல்வோம், டிகே4 அடைவுக்குள் 'டாஸ்டி' என்ற துணை அடைவில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. ஒரு கோப்பு என்றால் ஒரு டிஸ்க். பெரும்பாலும் 3350 வகை. நிஜத்தில் அது ஒரு பீரோ அளவுப் பெட்டிக்குள் சுழன்ற சாதனம், கொள்ளளவு சுமார் 317 எம்பி. பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்தக் கோப்புகளுக்குள்தான் போகிறது. ஆகவே இந்த அடைவு கன்டெய்னருக்கு வெளியே இருந்தாகவேண்டும்.

வெளியே வைக்க டாக்கரில் இரண்டு வழி உண்டு. உங்கள் மடிக்கணினியில் இருக்கும் ஒரு அடைவை உள்ளே பொருத்தலாம், அல்லது பெயரிட்ட வால்யூம் ஒன்றைப் பொருத்தலாம். இரண்டும் ஒன்றுபோல் தெரியும். முதல் தடவை கிளப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். உங்கள் அடைவு காலியாக இருந்தால், இமேஜில் இருக்கும் டாஸ்டி அடைவின் மேல் அந்தக் காலி அடைவு வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருந்த டிஸ்க்குகள் மறைந்துவிடும், ஹெர்குலிஸ் ஒரு டிஸ்க்கும் இல்லை என்று கத்தும். பெயரிட்ட வால்யூம் அப்படியில்லை. அது காலியாக இருந்தால் இமேஜில் அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை டாக்கரே முதலில் பிரதி எடுத்து நிரப்பும், அப்புறம் பொருத்தும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெயரிட்ட வால்யூம்தான். உங்கள் சொந்த அடைவுதான் வேண்டும் என்றால் முதலில் 'டாக்கர் சிபி' கட்டளையால் டிஸ்க்குகளை வெளியே பிரதி எடுத்துவிட்டு, அப்புறம் பொருத்துங்கள்.

டாஸ்டி மட்டும் போதாது. பிரிண்டர் வெளியீடு போகும் 'பிஆர்டி' அடைவு, அந்தக் கால வழக்கப்படி வரிக்கு ஒரு அட்டையாகத் துளையிடும் அட்டை துளைப்பானின் 'பிசிஎச்', அமைப்புக் கோப்புகள் உள்ள 'கான்ஃப்', 'லாக்' ஆகியவற்றுக்கும் ஆளுக்கொரு வால்யூம் கொடுங்கள்.

கிளப்புவது

'டாக்கர் ரன்' கட்டளைக்கு நாங்கள் கொடுக்கும் விருப்பங்கள் இவை: 'ஹைஃபன் ஐடி', கன்டெய்னருக்கு ஒரு பெயர், மேலே சொன்ன வால்யூம்கள், இரண்டு போர்ட்கள் (வெளியிலிருந்து இணைவதற்கான வாசல் எண்கள்). ஆர்எம் விருப்பம் கிடையாது. ஹெர்குலிஸுக்கு என்று சொந்தக் கன்சோல் (கட்டளைத் திரை) உண்டு, அதில் நாம் தட்டவேண்டியும் வரும், அதற்குத்தான் ஐடி. திரையை விட்டு வெளியே வர கன்ட்ரோல் பி, கன்ட்ரோல் க்யூ அடுத்தடுத்து அழுத்துங்கள்; மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப உள்ளே போக 'டாக்கர் அட்டாச்'. வழக்கம்போல் கன்ட்ரோல் சி போட்டு வெளியே வரப் பார்க்காதீர்கள்.

போர்ட்கள் 3270, 8038. முதலாவது முனையத்துக்கு, அந்தக் காலப் பச்சைத் திரை முனையத்தின் மாடல் எண்ணே அது. இரண்டாவது ஹெர்குலிஸின் இணையப் பக்கத்துக்கு. இன்னொரு போர்ட்டும் உண்டு, 3505, அட்டை வாசிப்பான். அதுவும் ஐபிஎம் மாடல் எண்தான். அந்த வழியாக ஒரு உரைக் கோப்பை நெட்கேட் நிரலால் அனுப்பினால், மெஷினைப் பொறுத்தவரை ஒரு கட்டு அட்டை வந்து விழுந்த மாதிரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர்ட்டைக் கொடுக்கும்போது வெறுமனே 3270:3270 என்று எழுதாமல் 127.0.0.1:3270:3270 என்று எழுதுங்கள். டிகே4 மைனஸின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உலகத்துக்கே தெரிந்தவை, முனைய இணைப்பில் மறையாக்கமும் கிடையாது. முன்னால் எதுவும் போடாவிட்டால் மெஷினின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் அது திறக்கும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யு என்ற ஃபயர்வால் அரண் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, டாக்கர் திறக்கும் போர்ட் அந்த அரணைத் தாண்டித்தான் போகும். வீட்டு வைஃபையில் மற்றவர்களும் சேரவேண்டும் என்றால் 127.0.0.1 இடத்தில் அந்த மடிக்கணினியின் உள் முகவரியைக் கொடுங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடியதும் 148 என்ற முகவரியில் உள்ள டிஸ்க்கிலிருந்து ஐபிஎல் நடக்கும். ஐபிஎல் என்றதும் பையன்களுக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். இங்கே அது இயக்கமுறைமையை நினைவகத்தில் ஏற்றி மெஷினைக் கிளப்புவது. திரையில் செய்திகள் அருவிபோல் கொட்டும். எங்கள் மடிக்கணினியில் 2 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அடங்கியபிறகு எக்ஸ்3270 முனைய நிரலைத் திறந்து 3270 போர்ட்டில் இணையுங்கள். விண்டோஸ்காரர்களுக்கு டபிள்யுசி3270 உண்டு. ஹெர்குலிஸ் படம் மட்டும் வந்து நின்றால் கிளியர் விசையை அழுத்துங்கள், லாகான் கேட்கும் திரை வரும். பயனர் பெயர் ஹெர்க்01, கடவுச்சொல் சி யு எல் 8 டி ஆர். இரண்டாவது ஆளுக்கு ஹெர்க்02, அதே கடவுச்சொல்.

உள்ளே போனதும் மூன்று நட்சத்திரம் வந்து திரை அப்படியே நிற்கும். மெஷின் தொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள், படித்துவிட்டாயா என்று கேட்கிறது. என்டர் அழுத்தினால் நகரும். தட்டியது எதுவும் ஏறவில்லை, கீழே எக்ஸ் தெரிகிறது என்றால் விசைப்பலகை பூட்டிக்கொண்டது, ரீசெட் கொடுங்கள். இந்த இரண்டும் பழகிவிட்டால் பச்சைத் திரை பயம் போய்விடும்.

முதல் ஜாப்

லாகான் முடிந்ததும் வரும் பட்டியலில் 1-ஐத் தேர்ந்தெடுத்தால், கோப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் ஆர்எஃப்இ வரும். இன்றைய மெயின்பிரேம்களின் ஐஎஸ்பிஎஃப் திரையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகமாக இருக்கும். எஸ்ஒய்எஸ்2 புள்ளி ஜேசிஎல்லிப் என்ற நூலகத்தில் மாதிரி ஜாப்கள் (மெஷினிடம் ஒப்படைக்கும் வேலைகள்) நிறைய இருக்கின்றன. ஆனால் முதல் ஜாப்பை யாரும் பிரதி எடுக்கக்கூடாது, தானே தட்டவேண்டும் என்பது என் பிடிவாதம்.

மூன்று அட்டை, அதாவது மூன்று வரி, போதும். முதல் அட்டையில் 1, 2-ஆம் பத்தியில் (ஒரு எழுத்துக்கான இடம் ஒரு பத்தி) இரண்டு சாய்கோடு, ஒட்டியே 8 எழுத்துக்குள் ஜாப் பெயர், இடம் விட்டு ஜாப் என்ற சொல், பிறகு கிளாஸ், எம்எஸ்ஜிகிளாஸ் இரண்டுக்கும் ஏ. இரண்டாவது அட்டையில் எக்ஸெக், நிரல் பெயர் ஐஇஎஃப்பிஆர்14. மூன்றாவது, புதிய தரவுத்தொகுப்பு (மெயின்பிரேமில் கோப்புக்குப் பெயர்) ஒன்றை உருவாக்கும் டிடி அட்டை. 71-ஆம் பத்தியைத் தாண்டி எதுவும் போகக்கூடாது. 80 பத்தி அட்டையில் 72-ஆவது தொடர்ச்சிக்கு, மிச்சம் 8 வரிசை எண்ணுக்கு.

ஐஇஎஃப்பிஆர்14 எனக்கு மிகவும் பிடித்த நிரல். அது ஒன்றுமே செய்யாது. கூப்பிட்டவர் திரும்பவேண்டிய முகவரி செயலிக்குள் உள்ள 14-ஆம் பதிவேட்டில் (ரெஜிஸ்டர்) இருக்கும், அங்கே திரும்பிப் போ என்ற ஒரே ஆணைதான் முதலில் அதில் இருந்தது, 2 பைட். அதிலும் ஒரு பிழை இருந்தது. வேலை நன்றாக முடிந்ததா என்பதை 15-ஆம் பதிவேட்டில் சொல்லவேண்டும். இந்த நிரல் அதைத் தொடாததால், அதில் முன்பே எது கிடந்ததோ அதுவே விடையாகப் போனது. அப்புறம் 15-ஐப் பூஜ்யமாக்கும் ஆணையைச் சேர்த்தார்கள், 4 பைட் ஆனது. ஒன்றும் செய்யாத நிரலை எதற்கு ஓட்டவேண்டும்? டிடி அட்டையில் கேட்ட தரவுத்தொகுப்பை உருவாக்குவது நிரல் இல்லை, சிஸ்டம். நிரல் கிளம்புவதற்கு முன்னாலேயே அதற்கு இடம் ஒதுக்கி, முடிந்தபின் பட்டியலில் சேர்ப்பது எல்லாம் சிஸ்டத்தின் பொறுப்பு. அதற்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்குதான் இந்த நிரல். இது புரிந்துவிட்டால் ஜேசிஎல் பாதி புரிந்த மாதிரி.

சப்மிட் என்று தட்டினால் ஜாப், வேலைகளை வரிசையில் வைத்து விடும் ஜெஸ்2-இடம் போகும். அங்கே என்ன நடக்கிறது என்று அம்மா கேட்டபோது, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறதுதான் என்று சொன்னேன். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது இல்லையா, வெண்ணாறு, கோரையாறு, பாமணி என்று பிரிகிற இடம். எந்த ஆற்றுக்கு எந்த மதகு, இன்றைக்கு யார் முறை என்று பார்த்துத் திறப்பார்கள். ஜாப் கிளாஸ் என்பது ஆறு, இனிஷியேட்டர் என்பது மதகு. உங்கள் ஜாப் போட்ட கிளாஸுக்கு எந்த இனிஷியேட்டரும் திறந்திருக்கவில்லை என்றால், ஜாப் தப்பே இல்லாவிட்டாலும் வரிசையில் காத்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு உடனே புரிந்தது, எங்கள் வயல் கடைமடையில் இருக்கிறது.

எம்எஸ்ஜிகிளாஸ் ஏ கொடுத்ததால் வெளியீடு பிரிண்டருக்குப் போகும். பிரிண்டர் என்பது பிஆர்டி அடைவில் உள்ள ஒரு உரைக் கோப்பு, பெயர் பிஆர்டி00இ. வால்யூம் போட்டிருப்பதால் வெளியிலிருந்தே திறந்து படிக்கலாம். ஐஇஎஃப்142ஐ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் கான்ட் கோட் 0000 என்று இருந்தால் ஜாப் சரியாக முடிந்தது. வெளியீட்டைத் திரையிலேயே பார்க்கவேண்டும் என்றால் எம்எஸ்ஜிகிளாஸ் எச் கொடுங்கள்.

அட்டை வாசிப்பான் வழியாக அனுப்புகிறவர்கள் ஜாப் அட்டையில் யூசர், பாஸ்வேர்ட் இரண்டும் எழுதவேண்டும். முனையத்தில் இருந்து சப்மிட் செய்தால் நீங்கள் யார் என்று சிஸ்டத்துக்குத் தெரியும். அட்டைக்கட்டில் அது தெரியாது.

மூட்டைக் கணக்கு

தங்கை மகள் தொலைத்த நிரல் நெல் கொள்முதல் கணக்கு. கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. மூட்டை எண்ணிக்கையைக் கொடுத்தால் குவிண்டாலில் சொல்லவேண்டும், 137 மூட்டை என்றால் 54.80. சின்னக் கணக்குதான், ஆனால் பதின்ம எண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் கோபோல் எவ்வளவு கவனமானது என்று காட்ட இது போதும். இரண்டாம் தடவை அவள் இதை 3 மாலையில் எழுதிவிட்டாள்.

இங்கே இருக்கும் கோபோல் 1968 தரத்தைச் சேர்ந்தது. எண்ட்-இஃப் கிடையாது, எவால்யுவேட் கிடையாது. நிபந்தனை எங்கே முடிகிறது என்பதை ஒரு முற்றுப்புள்ளிதான் சொல்லும். 8-ஆம் பத்தியில் பாராகிராஃப் பெயர்கள், 12-இலிருந்து ஆணைகள். கம்பைல், லிங்க், ஓட்டு என்ற மூன்றையும் கோப்யுசிஎல்ஜி என்ற ப்ரோசீஜர் ஒரே மூச்சில் செய்யும்.

முதல் ஓட்டத்திலேயே எஸ்0சி7 அபெண்ட் வந்தது. மெயின்பிரேம்காரர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள், எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை. அவளுடைய தரவு அட்டையைப் பார்த்தேன். மூட்டைக்கு 4 பத்தி, அதில் 137 என்று இடப்பக்கம் ஒட்டித் தட்டியிருந்தாள், கடைசிப் பத்தி காலி. இந்த மெஷினின் எழுத்துக்குறி எப்சிடிக். அதில் 1, 3, 7 என்பவை எஃப்1, எஃப்3, எஃப்7. காலி இடம் 40. எண்ணைக் கணக்குக்குத் தயார் செய்யும்போது மெஷின் ஒவ்வொரு பைட்டிலும் வலப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கடைசி பைட்டின் இடப்பாதிதான் கூட்டலா கழித்தலா என்ற குறி. கடைசியில் 40 இருந்ததால் குறியின் இடத்தில் 4 வந்து உட்கார்ந்தது. 4 என்பது குறியே இல்லை. அங்கேயே மெஷின் நின்றுவிட்டது. 0137 என்று தட்டியதும் ஓடியது. ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு இதை வரைந்து காட்டினேன். கல்லூரியில் படித்த எண்முறை எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள்.

எஸ்806 வந்தால் நிரலின் பெயர் தவறு, அல்லது அது தேடும் நூலகத்தில் இல்லை. எஸ்பி37 என்றால் ஒதுக்கிய இடம் தீர்ந்தது. புதியவர்களுக்கு இந்த மூன்றும்தான் அடிக்கடி வரும்.

நிறுத்துவது

'டாக்கர் ஸ்டாப்' அடிக்காதீர்கள். அது கன்டெய்னரின் முதல் ப்ராசஸுக்கு நின்றுகொள் என்று ஒரு சைகை அனுப்பும், 10 விநாடி காத்திருக்கும், அப்புறம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். இங்கே முதல் ப்ராசஸ் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அது சைகையை ஹெர்குலிஸிடம் கடத்தாது. ஹெர்குலிஸுக்கே எட்டினாலும் உள்ளே ஓடும் எம்விஎஸ்ஸுக்கு விஷயம் தெரியாது. அதன் கணக்கில் இது திடீர் மின்வெட்டு.

முறை இதுதான். ஹெர்க்01 தவிர மற்ற எல்லோரும் லாக்ஆஃப் செய்யட்டும். ஹெர்க்01-இல் பட்டியலை விட்டு பிஎஃப்3 அழுத்தி வெளியே வாருங்கள், ரெடி என்று வரும். ஷட்டவுன் என்று தட்டுங்கள், உடனே லாக்ஆஃப் செய்யுங்கள். கன்சோலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொன்றாக அடங்குவது தெரியும். ஜெஸ்2 இறங்கும், இசட் இஓடி என்ற கட்டளை போகும், கடைசியில் ஹெர்குலிஸும் தானே மூடிக்கொள்ளும், கன்டெய்னர் நிற்கும். மறுநாள் 'டாக்கர் ஸ்டார்ட் ஹைஃபன் ஏஐ' என்று கன்டெய்னரின் பெயரோடு அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நாம் முறையாக நிறுத்தினாலும் மின்சாரம் முறையாக நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பிடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் போகும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதனால் பேட்டரி செத்த மடிக்கணினியில் இதை ஓட்டவேண்டாம், இன்வெர்ட்டரில் இருக்கும் பிளக்கில் போடுங்கள். நடுவில் நின்றுபோனால் பெரும்பாலும் அடுத்த ஐபிஎல்லில் ஜெஸ்2 தன்னைத்தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். டிஸ்க் கோப்பு சுருக்கிய வகையாக இருந்து அதில் சந்தேகம் வந்தால், ஹெர்குலிஸ் ஓடாத நேரத்தில் அதனோடு வரும் சிசிகேடிசிடிஎஸ்கே நிரலால் சோதியுங்கள். ஓடும்போது சோதித்தால் இருப்பதும் கெடும்.

வெளியீட்டில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருந்தால் பயப்படவேண்டாம். ஹெர்குலிஸ் அமைப்புக் கோப்பில் டிஇசட்ஆஃப்செட் வரியில் +0530 கொடுங்கள். வரி இல்லையென்றால் சேருங்கள்.

பிரதி எடுப்பது கடைசி வேலை. கன்டெய்னர் நின்றிருக்கவேண்டும். டெபியன் இமேஜில் இன்னொரு கன்டெய்னரைக் கிளப்புங்கள். அதற்கு ஆர்எம் விருப்பம் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்குள் நாம் எதையும் வைக்கப்போவதில்லை. டாஸ்டி வால்யூமை ஒரு பக்கமும், மடிக்கணினியின் ஒரு அடைவை இன்னொரு பக்கமும் அதில் பொருத்தி, டார் கட்டளையால் முதலாவதை இரண்டாவதில் கட்டிவையுங்கள். கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும். திரும்ப வேண்டுமென்றால் அதே வழியில் விரித்துக்கொள்ளலாம். எடுத்ததை ஒருதரம் வேறு வால்யூமில் விரித்து, அதிலிருந்து ஐபிஎல் ஆகிறதா என்று பாருங்கள்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுக்கிறோம். தங்கை மகள்தான் கட்டளை தட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிரதி ஏறிய பென்டிரைவ் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் இருக்கும் பீரோவில் இருக்கிறது.